மைக் முன்னால் நாலு பேர்: வீடியோ கேம் பாட்காஸ்ட்டின் கதை

வீடியோ கேம் என்பது கண்ணால் பார்த்து கையால் ஆடுகிற சமாச்சாரம். அதைப் பற்றி நாலு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் பேசுவார்களாம். படம் கிடையாது, ஆட்டம் கிடையாது, வெறும் குரல்தான். அதை முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் வாராவாரம் காத்திருந்து கேட்பார்களாம்! 2004ல் யாராவது இதை ஒரு தொழில் திட்டமாக எழுதி வங்கி மேலாளரிடம் கொண்டு போயிருந்தால், மனிதர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்திருப்பார்.

ஆனால் நடந்தது அதுதான். அதில் சில நிகழ்ச்சிகள் பத்து, பதினைந்து வருடம் தாண்டியும் ஓடின. பல நிகழ்ச்சிகள் பத்தாவது வாரத்திலேயே படுத்துக்கொண்டன. எது நிற்கிறது, எது விழுகிறது? நல்ல மைக்கா? பெரிய கம்பெனியா? சூடான செய்தியா? 2005 முதல் 2025 வரை அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இந்த மூன்றும் இல்லை என்று தெரிகிறது. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுவாரசியமும் உண்டு. அது பின்னால் வரும்.

பாட்காஸ்ட் பிறந்த கதை (சுருக்கமாக)

இணையத்தில் ஒரு தளம் புதுப்பிக்கப்பட்டதும் தானாகச் செய்தி சொல்கிற ஆர்எஸ்எஸ் ஓடை என்ற தொழில்நுட்பத்தில், ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்பலாம் என்று 2000-2001 வாக்கில் வழி செய்தவர் டேவ் வைனர். எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி 2004ல் அதைப் பிடித்துக்கொண்டு நிகழ்ச்சி செய்ய ஆரம்பித்தார். 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லை அதே 2004 பிப்ரவரியில், கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி போகிற போக்கில் எழுதியிருந்தார். ஐபாட் பாதி, பிராட்காஸ்டிங் பாதி.

ஆனால் சாதாரண ஆட்களிடம் இதைக் கொண்டு சேர்த்தது ஆப்பிள். 2005 ஜூன் 28 அன்று வெளிவந்த ஐட்யூன்ஸ் 4.9ல் பாட்காஸ்ட்டுக்குத் தனி இடம் கொடுத்தார்கள். இரண்டே நாளில் பத்து லட்சம் சந்தாக்கள் என்று ஆப்பிளே அறிவித்தது. சந்தா என்றால் காசு இல்லை, ஒரு க்ளிக்தான். அதன் பிறகு நிகழ்ச்சி தானாக வந்து ஐபாடில் உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸிலோ நடந்தோ போகும்போது கேட்டுக்கொள்ளலாம்.

பத்திரிகை ஆபீசுக்குள் ஒரு மைக்

அப்போது அமெரிக்காவில் கேம் பத்திரிகைகள் நிறைய இருந்தன. அதில் ஜிஃப் டேவிஸ் கம்பெனியின் 'எலக்ட்ரானிக் கேமிங் மன்த்லி' மிகப் பிரபலம். சுருக்கமாக இஜிஎம். அதே கம்பெனி 2003ல் 'ஒன் அப்' என்ற இணையதளத்தையும் தொடங்கியிருந்தது. (மாரியோ விளையாட்டில் ஓர் உயிர் கூடும்போது திரையில் வருமே, அதே ஒன் அப்.)

மாதப் பத்திரிகைக்கு ஒரு தீராத வியாதி உண்டு. எழுதி, வடிவமைத்து, அச்சடித்து, கடைக்குப் போய்ச் சேர வாரக் கணக்கில் ஆகும். அதற்குள் செய்தி பழசாகிவிடும். ஆனால் அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்கள் தினமும் மதியச் சாப்பாட்டில் கேம்களைப் பற்றிக் கத்திச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை பத்திரிகையில் வராது. பத்திரிகையில் வந்தது அடித்துத் திருத்திச் சலவை செய்த வாக்கியங்களும் கடைசியில் ஒரு மதிப்பெண்ணும்தான்.

2005ல் கார்னெட் லீ தலைமையில் 'ஒன் அப் யுவர்ஸ்' தொடங்கியது. அவர்கள் செய்ததெல்லாம் அந்த மதியச் சாப்பாட்டுச் சண்டைக்கு ஒரு மைக் வைத்ததுதான். பத்திரிகைத் தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்த ஜான் டேவிசன் ஒரு பக்கம். ஹேலோ ரசிகர் லூக் ஸ்மித் இன்னொரு பக்கம். ஜப்பானிய கேம் என்றால் உயிரை விடும் ஷேன் பெட்டன்ஹவுசன் மற்றொரு பக்கம். காலமும் கைகொடுத்தது. 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360, 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3, அதே மாதம் நின்டெண்டோ வீ. பிளேஸ்டேஷன் 3ன் பெரிய மாடல் விலை 599 டாலர் என்று சோனி அறிவித்ததும் உலகம் முழுக்க ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். இப்படி ஒரு வருடத்தில் சண்டைக்கா பஞ்சம்?

இதில் கேட்பவருக்கு என்ன லாபம்? முதலில் கேள்வி அதுதான். செய்தி வேண்டுமென்றால் இணையத்தில் இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். பாட்காஸ்ட் கொடுத்தது வேறு. ஒரு விமர்சனக் கட்டுரையில் 'எட்டு மார்க்' என்று போட்டிருந்தால், அந்த எட்டு யாருடைய எட்டு என்று தெரியாது. ஆனால் ஒருவருடைய பேச்சை இருபது வாரம் தொடர்ந்து கேட்டால், அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எங்கே பொறுமை இழப்பார், எதற்கு மயங்குவார் எல்லாம் அத்துப்படியாகிவிடும். நீளமான ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம் என்றாலே கொட்டாவி விடுகிற ஆள், ஒருநாள் வந்து "இதை அறுபது மணி நேரம் ஆடினேன்" என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. எதைக் கண்டாலும் துள்ளிக் குதிக்கிற ஆள் துள்ளினால் அதைக் கழித்துக்கொள்ளலாம். மதிப்பெண்ணைப் போடுவது விமர்சகர். அந்த மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது பாட்காஸ்ட்.

'அதிகாரபூர்வம்' ஒரு பக்கம், அரட்டை ஒரு பக்கம்

அதே கட்டடத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது. 1981ல் தொடங்கிய 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்' பத்திரிகைக்காரர்கள். 2006 கடைசியில் மைக்ரோசாஃப்டுடன் ஓர் ஒப்பந்தம் போட்டு அந்தப் பத்திரிகையின் பெயரை 'கேம்ஸ் ஃபார் விண்டோஸ்: அதிகாரபூர்வப் பத்திரிகை' என்று மாற்றினார்கள். இருபத்தைந்து வருடப் பெயர் போய் அட்டையில் ஒரு கம்பெனியின் முத்திரை வந்தது.

ஆனால் அவர்களுடைய பாட்காஸ்ட்டான 'ஜிஎஃப்டபிள்யூ ரேடியோ'வில் அதிகாரபூர்வம் என்ற வாசனையே கிடையாது. ஆசிரியர் ஜெஃப் க்ரீன் வீட்டுப் பெரியவர் மாதிரி. ஷான் எலியட், ராபர்ட் ஆஷ்லி, ரயன் ஸ்காட் என்று ஒரு கும்பல் அவரைச் சுற்றி. பல வாரங்களில் கேமைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கவே வெகுநேரம் ஆகும். நடுவில் அனிமேஷன் படம், ஆன்லைனில் சண்டை போடுகிற பொடியன்கள், அவரவர் வீட்டுக் கதை எல்லாம் வந்துபோகும். ஷான் எலியட் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார், அடுத்த நிமிடம் விமர்சனம் என்றால் என்ன, மதிப்பெண் எதற்கு என்று வகுப்பே எடுத்துவிடுவார்.

2008 ஏப்ரலில் அச்சுப் பத்திரிகை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் சில மாதம் ரேடியோ ஓடியது! பத்திரிகைக்குத் துணையாக வந்த இலவச இணைப்பு, பத்திரிகை செத்த பிறகும் உயிரோடு இருந்தது. அந்த வருடமே ஜெஃப் க்ரீனும் ஷான் எலியட்டும் வெளியேற, அதுவும் முடிந்தது.

ஆறு மார்க்கும் ஒரு வேலையும்

இதற்கு நடுவில், 2007 நவம்பர் கடைசியில், இதே சான் பிரான்சிஸ்கோவில் இன்னொரு இடத்தில் ஒரு வெடி வெடித்தது. கேம்ஸ்பாட் என்ற பெரிய தளத்தில் பதினோரு வருடமாக இருந்தவர் ஜெஃப் கெர்ஸ்ட்மன். 'கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்' என்ற கேமுக்குப் பத்துக்கு ஆறு கொடுத்தார். அந்த நேரத்தில் அந்தத் தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம்தான். கொஞ்ச நாளில் கெர்ஸ்ட்மனுக்கு வேலை போனது.

விமர்சனத்துக்கும் வேலைநீக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றது நிர்வாகம். நம்பியவர்கள் குறைவு. ஒப்பந்தப்படி கெர்ஸ்ட்மன் வாய் திறக்க முடியாது. 2012ல் அந்தத் தடை நீங்கிய பிறகுதான் பேசினார். குறைந்த மதிப்பெண்களுக்காக விளம்பரத்தை எடுத்துவிடுவோம் என்று மிரட்டல் வந்ததையும், புதிதாக வந்திருந்த நிர்வாகம் அந்த அழுத்தத்துக்கு வளைந்துகொடுத்ததையும் அப்போது சொன்னார்.

இந்தச் சம்பவம் பாட்காஸ்ட் வரலாற்றுக்கு ஏன் முக்கியம்? மதிப்பெண் மேல் இருந்த நம்பிக்கை அன்றைக்கு விரிசல் விட்டது. யார் பேச்சை நம்புவது என்ற கேள்வி ஒவ்வொரு ரசிகனுக்கும் வந்தது. கெர்ஸ்ட்மனைத் தொடர்ந்து ரயன் டேவிஸ், பிராட் ஷூமேக்கர், வின்னி காரவெல்லா என்று நண்பர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டார்கள். 2008ல் 'ஜயன்ட் பாம்ப்' என்ற புதுத் தளம் தொடங்கினார்கள். முழுத் தளம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே அவர்கள் வெளியிட்டது என்ன தெரியுமா? ஒரு பாட்காஸ்ட். தளம் கட்ட எஞ்சினியர் வேண்டும், காலம் வேண்டும். பாட்காஸ்ட்டுக்கு நாலு பேரும் ஒரு மைக்கும் போதும்!

செவ்வாய்க்கிழமைதோறும் 'ஜயன்ட் பாம்ப்காஸ்ட்'. ரயன் டேவிஸ் அன்றைய தேதியைச் சத்தமாகச் சொல்லி ஆரம்பிப்பார். பேச்சு எங்கோ போய்விட்டால் இழுத்துக்கொண்டு வருவதும், நன்றாகப் போகிறதென்றால் விட்டுவிடுவதும் அவர் வேலை. நல்ல பாட்காஸ்ட்டுக்கு இப்படி ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். ஒன் அப் யுவர்ஸில் கார்னெட் லீ செய்ததும் இதுதான். கேட்கிறவர்களுக்கு அந்த ஆள் வேலை செய்வது போலவே தெரியாது. அவர் இல்லாத வாரத்தில்தான் தெரியும்.

2009 ஜனவரி 6

ஜிஃப் டேவிஸ் 2008லேயே திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தது. 2009 ஜனவரி 6 அன்று ஒன் அப் தளம் ஹர்ஸ்ட் குழுமத்தின் யூஜிஓ கம்பெனிக்கு விற்கப்பட்டது. அதே நாளில் இஜிஎம் நிறுத்தப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

ராபர்ட் ஆஷ்லி தன் மைக்கை எடுத்துக்கொண்டு வேலை இழந்தவர்களைப் பார்க்கப் போனார். அவர்கள் பேச்சைத் தொகுத்து, வெட்டி, ஒட்டி, தானே இசையும் சேர்த்து அந்த மாதமே வெளியிட்டார். அதுதான் 'எ லைஃப் வெல் வேஸ்டட்' நிகழ்ச்சியின் முதல் பாகம். பொருள்: இஜிஎம்மின் மரணம். கேம் பாட்காஸ்ட் என்றால் அரட்டை மட்டும்தான் என்ற எண்ணத்தை அது உடைத்தது. மொத்தம் ஏழே ஏழு பாகம்தான் வந்தது. ஆனால் தரம் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பெயர் வராமல் இருக்காது.

வேலை போனவர்கள் சிலர் சேர்ந்து அதே மாதத்தில் 'ரெபல் எஃப்எம்' ஆரம்பித்தார்கள். ஆபீஸ் இல்லை, சம்பளம் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் இருந்தார்கள்! பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் குடிபோகிற குடும்பத்தின் பின்னால் நாய் ஓடி வருமே, அப்படிப் பின்னாலேயே வந்தார்கள். கார்னெட் லீ 2010ல் ஷாக்நியூஸ் தளத்தில் 'வீக்கெண்ட் கன்ஃபர்ம்ட்' தொடங்கியபோதும் அதே கதைதான். 2006ல் ஒன் அப்பில் ஜெரமி பாரிஷ் ஆரம்பித்த 'ரெட்ரோநாட்ஸ்', பழைய கேம்களின் வரலாற்றை மட்டுமே பேசுகிற நிகழ்ச்சி. 2013ல் ஒன் அப் தளமே மூடப்பட்டது. ரெட்ரோநாட்ஸ் கேட்பவர்கள் தரும் பணத்தில் தொடர்ந்து நடந்தது.

நற்பெயர் யாருடைய சொத்து?

இப்போது காமர்ஸ் பாடம். பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பகுதி வருமே, ஞாபகம் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியாத சொத்து. சராசரி இலாபத்தைக் கண்டுபிடித்து, இத்தனை ஆண்டுக் கொள்முதல் என்று பெருக்கி ஒரு தொகை போடுவோம். கடையை வாங்குபவர் கல்லாவையும் சரக்கையும் மட்டும் வாங்குவதில்லை, வாடிக்கையாளர்கள் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கையையும் சேர்த்து வாங்குகிறார்.

மளிகைக் கடைக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். முதலாளி மாறினாலும் தெருமுனைக் கடை தெருமுனையிலேயே இருக்கும். பாட்காஸ்ட்டுக்கு வராது. ஹர்ஸ்ட் வாங்கியது பெயரையும் தளத்தையும் பழைய கோப்புகளையும். நற்பெயர் என்பது நாலு பேருடைய தொண்டையில் இருந்தது. அவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டு, நற்பெயர் மட்டும் உள்ளே இருக்கும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

ஜயன்ட் பாம்ப் கதை இதை இன்னும் நீளமாகச் சொல்கிறது. 2012ல் அதை சிபிஎஸ் இன்டராக்டிவ் வாங்கியது. கேம்ஸ்பாட்டும் அதற்குள் அதே கம்பெனியிடம் வந்திருந்தது. அதாவது, வெளியே அனுப்பிய ஆளை நாலு வருடம் கழித்து அதே வீட்டுக்குள் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள்!

2013 ஜூலை 3 அன்று ரயன் டேவிஸ் இறந்துபோனார். வயது 34. திருமணமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அவரை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் உலகம் முழுவதும் அழுதார்கள். நண்பர்கள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அவரைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். 'கூட்டாளி இறப்பு' என்ற பாடத்தில் இலாபத்தையும் நற்பெயரையும் பிரிக்க விதி இருக்கிறது. வாராவாரம் தேதி சொன்ன ஒரு குரலைப் பிரிக்க எந்த விதியும் இல்லை.

2020ல் ரெட் வென்சர்ஸ் கைக்கு மாறியது. 2021ல் பிராட், வின்னி, அலெக்ஸ் நவாரோ மூவரும் விலகி 'நெக்ஸ்ட்லேண்டர்' தொடங்கினார்கள். 2022ல் கெர்ஸ்ட்மனே விலகித் தன் பெயரிலேயே நிகழ்ச்சி ஆரம்பித்தார். கேட்பவர்கள் மாதாமாதம் நேரடியாகப் பணம் தருகிற பேட்ரியான் இரண்டுக்கும் சோறு போட்டது. அந்த ஆண்டே தளம் ஃபேண்டம் கம்பெனிக்குப் போனது.

2025ல் அந்தக் கம்பெனி என்ன பேசலாம், எப்படிப் பேசலாம் என்று புது வழிமுறைகள் கொண்டுவந்தது. அதை மைக்கிலேயே கிண்டல் செய்து ஒரு நிகழ்ச்சி வந்தது, வந்த வேகத்தில் நீக்கப்பட்டது. தளம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் மே மாதம், அங்கே வேலை பார்த்த ஜெஃப் பகலாரும் ஜெஃப் க்ரப்பும் கம்பெனியிடமிருந்து தளத்தையே வாங்கிவிட்டார்கள். பதினேழு வருடத்தில் நாலு முதலாளிகளைப் பார்த்த பிறகு, சொத்து கடைசியில் தொண்டைக்குச் சொந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்தது.

குறைகளும் உண்டு

எல்லாம் பொன்னல்ல. அந்தக் கால நிகழ்ச்சிகளில் பேசியவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே வயது, ஒரே மாதிரி அமெரிக்க ஆண்கள். பெண் குரல் அபூர்வம். அன்று சிரித்த சில நகைச்சுவைகளை இன்று கேட்டால் காது கூசும். உள்வட்ட ஜோக்குகள் குவிந்துவிட்டால் புதிதாக வருபவர் கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர் மாதிரி முழிக்க வேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் சங்கடமானது. நன்றாகப் பேசியவர்களை கேம் கம்பெனிகளே வேலைக்கு எடுத்துக்கொண்டன. லூக் ஸ்மித் 2007ல் ஹேலோ செய்த பஞ்சி கம்பெனிக்குப் போய், பிற்பாடு டெஸ்டினி 2 கேமின் இயக்குநரே ஆனார். ஷான் எலியட் 2கே பாஸ்டனுக்கும் ஜெஃப் க்ரீன் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கும் போனார்கள். 'ஐடில் தம்ப்ஸ்' நிகழ்ச்சியில் பேசிய ஜேக் ராட்கினும் கிறிஸ் ரெமோவும் 2016ல் 'ஃபயர்வாட்ச்' என்ற அருமையான கேமைச் செய்த குழுவில் இருந்தார்கள். திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று சந்தோஷப்படலாம். நாளைக்கு வேலை கேட்கப் போகிற இடத்தை இன்றைக்கு எப்படி விமர்சிப்பது என்ற கேள்வியும் கூடவே வரும்.

அப்படியானால் எது நல்ல பாட்காஸ்ட்?

இருபது வருடக் கதையிலிருந்து தெரிவது இவ்வளவுதான்:

1. பேசுகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒரே அபிப்பிராயம் இருக்கக் கூடாது. நாலு பேரும் தலையாட்டினால் ஒருவரே போதுமே!

2. கடிவாளம் பிடிக்க ஒருவர் வேண்டும். அவர் இழுப்பது தெரியக் கூடாது.

3. சொன்ன கிழமையில் வர வேண்டும். நம்பிக்கை என்பது பாதி பழக்கம்தான்.

4. மைக் அணைந்த பிறகு என்ன சொல்வார்களோ, அதை மைக் இருக்கும்போதே சொல்ல முடிய வேண்டும்.

முதல் மூன்றையும் பயிற்சியில் கொண்டுவந்துவிடலாம். நாலாவது பேசுகிறவர் கையில் மட்டும் இல்லை, சம்பளம் கொடுப்பவர் கையிலும் இருக்கிறது. விளம்பரதாரர் பணம் கொடுத்த காலத்தில் அவர்களுக்குப் பயப்பட வேண்டியிருந்தது. இப்போது கேட்பவர்களே பணம் கொடுக்கிறார்கள், அதனால் அவர்களுக்குப் பிடித்ததை மட்டும் பேசுகிற ஆசை வரும். முதலாளி மாறியிருக்கிறார், அவ்வளவுதான். தனக்குப் பிடித்த கேமைத் தான் மதிக்கிற குரல் திட்டும்போது, கோபித்துக்கொண்டு சந்தாவை நிறுத்தாமல் அடுத்த செவ்வாய்க்கிழமையும் கேட்க வருகிற ஆள் இருக்கும் வரை நல்ல பாட்காஸ்ட்டுக்கும் இடம் இருக்கும்.